ஐப்பசி மாதத்துப் பந்தெறிகாரர்

எசமானி சின்யோராவின் குசினியில், பேஸ்போல் ஆட்டம் ஓடுகிற போனைச் சீனிப் பேணியோடு சாய்த்து வைத்துவிட்டு, எலுமிச்சம்பழத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கிறார் சுவாம்பிள்ளை. இடது காலைத் தூக்குகிறார். "இப்பிடி வந்து, மணிக்கட்டை இப்பிடித் திருப்பி விடவேணும். அவன் விடுறானில்லை." விட்டுக் காட்டுகிறார். பழம் பாத்திர அலுமாரியில் மோதி மேசைக்குக் கீழே ஓடுகிறது. "ஓம், நான் விட்டாலும் இதுதான்," என்று குனிந்து தேடுகிறார்.

மன்னார் சவேரியம்மாவின் ஆறு பிள்ளைகளில் நாலாவது ஆள். இத்தாலியின் பலேர்மோவில் இந்த எசமானி வீட்டிலே சமையல் வேலை, அல்பெர்கேரியாப் பகுதியில் வாடகை வீடு. பேஸ்போலைக் கையால் தொட்டதில்லை. ஊரிலே கிரிக்கெட் விளையாடியபோதும் எல்லைக்கு அப்பால் பந்து பொறுக்கியவர்தான். ஆனால் ரொறன்ரோ அணியில் பந்தெறிகிறவர்களில் யாருக்குத் தோள்மூட்டு நோகிறது, யாருக்கு முழங்கை பிசகியது என்று கேட்டால் பாடமாய்ச் சொல்லுவார். "என்ரை நாரி நோ ரெண்டு வருசமாய்க் கிடக்கு, அதுமட்டும் இந்த மனிசனுக்குத் தெரியாது," என்பது மனைவி அனிற்றாவின் முறைப்பாடு.

இந்தப் பைத்தியம் பிடித்த கதையும் குடும்பக் கதைதான். தகப்பன் இல்லாத சகோதரி மகளுக்குக் கலியாணம். அவளைக் கோயிலுக்குள்ளே கைபிடித்துக் கூட்டிப்போகவேண்டியது மூத்த மாமன், சுவாம்பிள்ளையின் அண்ணன் றோபேட். ரொறன்ரோவிலிருந்து அவர் வந்த விமானம் பிந்தியது. சுவாம்பிள்ளை ஒரு மணித்தியாலம் பொறுத்திருக்கலாம், பொறுக்காமல் தானே அவளைக் கூட்டிப்போனார். "புதுக் கோட்டுப் போட்டிருந்தன், அதுதான் அவசரம்," என்று இப்போது தன்னையே நக்கலடிப்பார். அன்றோடு அண்ணன் இவரோடு கதைப்பதை விட்டார்.

நாலு வருசத்துக்குப் பிறகு அண்ணனிடமிருந்து பேஸ்போல் வீடியோ ஒன்று வந்தது. ஒரு சொல்லும் இல்லை. சுவாம்பிள்ளை ஒன்றும் விளங்காமலே, "நல்லாய் எறியிறான் அண்ணை," என்று எழுதினார். அதிலிருந்து ஆட்டம் நடந்த மறுநாள் காலையில், ரொறன்ரோவில் இரவு வேலையின் இடைவேளையில், அண்ணன் இவருக்குப் போன் எடுப்பார். பந்தெறிகிறவர்களைத் திட்டுவார்கள், வேறு கதை இல்லை. ஆட்டக்காலம் முடிந்தால் பங்குனி கடைசி வரைக்கும் போன் அடிக்காது.

அதனால்தான் ஐப்பசி வந்தால் இவருக்குச் சோறு இறங்காது. தோற்றால் வீட்டுக்குப் போகிற சுற்றுகள். ஆட்டம் விடியமுன்பே முடிந்திருக்கும். இவர் முடிவை யாரிடமும் கேட்காமல் வேலைக்கு வந்து, காலையில் ஆட்டத்தின் பதிவைப் போனில் செபமாலையோடு பார்ப்பார். "முடிஞ்ச ஆட்டத்துக்குச் செபம் சொல்லுற விசரன் பலேர்மோவிலை நான் ஒருத்தன்தான்." முதலில் எறிகிறவர்களில் குறை சொல்லமாட்டார். கடைசியில் வருகிறவர்களில்தான் கோபம். "நாலு பந்தை அகல எறிஞ்சு, அடிக்கிறவனைச் சும்மா நடக்கவிடுறதுக்கோ இவங்களுக்குச் சம்பளம்? அதை நானும் செய்வனே!"

இந்த முறை கடைசி ஆட்டம் வரைக்கும் போனார்கள். ஒரு ஓட்டம் முன்னாலே. கடைசியாய் வந்தவன் மூன்று பேரைச் சும்மா நடக்கவிட்டு, நாலாவது ஆளுக்கு இடுப்புக்கு நேரே, மடியில் வைக்கிறதுபோலப் பந்தைக் கொடுத்தான். அவன் அடித்த அடியோடு எல்லாம் முடிந்தது.

கோப்பிக் கேத்தல் அடுப்பில் முனகியது. போன் அடிக்கவில்லை. சுவாம்பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, அந்தக் கலியாணத்துக்குப் பின் முதல் தரமாக, தானே அண்ணனுக்குப் போன் எடுத்தார்.

"என்னடா தம்பி? பார்த்தனிதானே. இனி என்ன கிடக்கு கதைக்க?"

பந்தெறிந்தவனைத் திட்டத்தான் வாயைத் திறந்தார். திட்டு வரவில்லை. மாசியில் அண்ணனுக்கு முழங்காலில் ஒப்பரேசன் நடந்தது என்று தங்கச்சி சொல்லித்தான் அறிந்திருந்தார். கதைத்த இத்தனை காலைகளிலும் அதை ஒருநாள்கூடக் கேட்கவில்லை.

"அண்ணை, உங்கடை முழங்கால் இப்ப என்னமாதிரி?"

அந்தப் பக்கம் அண்ணன் மெசின் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்தார்.

"அதைக் கேக்கவோ எடுத்தனி? அது பெரிய கதையடா."

உள்ளேயிருந்து சின்யோரா கோப்பி கேட்டுக் குரல் கொடுத்தார். சுவாம்பிள்ளை அடுப்பை அணைத்தார். கதவைச் சாத்திவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.