இரண்டு சிவப்பு

ஹட்டன் பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடி சட்டத்துக்குள் தளர்ந்து கிடக்கிறது. வளைவுக்கு வளைவு கிறீச்சிடுகிறது. அந்தச் சத்தத்தில் பல் கூசும். கூடவே, தேயிலைத் தோட்ட லயத்தில் எங்கள் காம்பராவில் முகம் பார்க்கும் கண்ணாடியை என் தங்கை கல்லால் கீறிக்கொண்டிருந்த மாலை நேரமும் நினைவுக்கு வந்துவிடும்.

அடைமழை விட்ட மறுநாள், கொழுந்து எடுக்கப் போன மலையில், தண்ணீர் வடியும் கான் ஓரத்தில் மண் சரிந்த இடத்தில் அந்தக் கல்லைக் கண்டெடுத்திருந்தாள். மொச்சைக் கொட்டை அளவு. கையில் கறுப்பு, வெயிலுக்குப் பிடித்தால் ஆழத்திலிருந்து ஒரு சிவப்பு. எங்கள் பக்கத்தில் கல் கிடைத்தால் முதல் வேலை கண்ணாடியில் கீறுவதுதான். கீறினால் மாணிக்கம் என்பார்கள். கீறியது. அம்மா விட்டுப்போன மூக்குத்தியைக் கழற்றி அதன் சிவப்புக் கல்லையும் பக்கத்திலேயே இழுத்தாள். அதுவும் கீறியது.

"ரெண்டும் ஒரே சாதி அண்ணே" என்றாள்.

குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக அவளுக்கு விசா வந்திருந்தது. மகளை என் மனைவியிடம் விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. கல் மாணிக்கமாக இருந்தால் போகவேண்டியதில்லை. அடுக்கிவைத்த பெட்டியிலிருந்து தன் சால்வையை மட்டும் அவள் வெளியே எடுத்து மறுபடி கொடியில் போட்டாள்.

ஹட்டனில் கல் தரம் பார்க்கும் முஸ்லிம் பெரியவர் ஒருவரிடம் போனோம். எல்லோருக்கும் அவர் நானா.

"கண்ணாடியக் கீறிச்சு நானா."

"ஆத்து வெள்ளக்கல்லும் கண்ணாடியக் கீறும் தங்கச்சி. கீறினா அது கண்ணாடி இல்லண்டு தெரியும். வேற ஒண்டும் தெரியாது."

கட்டைவிரல் நீளக் குழாய் ஒன்றை என்னிடம் நீட்டினார். எட்டிப் பார்த்தால் உள்ளே அடுத்தடுத்து இரண்டு சிறிய சதுரங்கள். மாணிக்கத்துக்குள் புகும் வெளிச்சம் இரண்டாகப் பிரிந்து போகுமாம். ஒரு சதுரத்தில் ஊதா கலந்த சிவப்பும் மற்றதில் மஞ்சள் கலந்த சிவப்பும் தெரியவேண்டும். எங்கள் கல்லைத் திருப்பினேன், மறுபடி திருப்பினேன். எப்படிப் பிடித்தாலும் இரண்டிலும் ஒரே சிவப்பு. கண் கடுத்தது. இல்லாத வித்தியாசத்தைத் தேடித் தேடி ஏற்படும் அந்தக் களைப்பு இன்னும் என் இமைகளில் இருக்கிறது.

"கார்னட்" என்றார் நானா. "மாணிக்கமில்ல. கல்லுல குத்தமில்ல. இந்தப் பக்கம் அள்ள அள்ள வரும்."

தங்கை மூக்குத்தியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "இதையும் பாருங்க."

அவர் விளக்கை அணைத்து ஒரு ஊதா டார்ச்சைப் பிடித்தார். எங்கள் கல் அவிந்த கரியாகக் கிடந்தது. மூக்குத்திக் கல் அடுப்புக் கங்குபோல எரிந்தது. தங்கை என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

நானா லென்ஸில் வெகுநேரம் பார்த்தார். "உள்ளுக்குக் குமிழி இருக்கு. கோடெல்லாம் வளைஞ்சு ஓடுது. மண்ணுல விளைஞ்சதுண்டா கோடு நேராத்தான் ஓடும். மாணிக்கந்தான். பாரமும் அதே, உறுதியும் அதே. ஆனா சூளையில செஞ்சது, விலை போகாது. செஞ்ச கல்லுதான் கூடுதலா எரியும்."

அவள் கையை விட்டாள். பிறகு சிரித்தாள். "மண்ணுல கெடச்சது மாணிக்கமில்ல. மாணிக்கமா இருக்கது மண்ணுல கெடைக்கல. நம்ம ராசியப் பாருங்க அண்ணே."

இறங்கி வரும்போது கடையில் பால் சேர்க்காத பிளேன்டீ குடித்தோம். அவள் சீனி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் கொடியிலிருந்த சால்வையை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

அந்த வாரமே அவளைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அவள் மகள் வரவில்லை, வந்தால் இவள் ஏறமாட்டாள் என்று மனைவி சொல்லிவிட்டாள். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. மூக்குத்தி அவள் மூக்கிலேயே இருந்தது. கல்லை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள். ஜன்னல் கண்ணாடியை இழுத்துத் திறந்தாள், அது கிறீச்சிட்டது.

"சும்மா சும்மா வெயிலுக்குப் பிடிச்சுப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க அண்ணே. புள்ள ஸ்கூல் விட்டு வந்திருக்கும். போங்க."