எழிலின் நாலு மீட்டர்

ஜனவரி முதல் வாரத்தில் எழிலுக்கு அவர் படித்த கல்லூரியிலிருந்து ஒரே நாளில் இரண்டு அழைப்புகள் வந்தன. காலையில் பேசியவர் முதல்வர் அலுவலகத்தைச் சேர்ந்தவர். விளையாட்டு விழாவில் முன்னாள் வீரர், வீராங்கனைகளைப் பாராட்டப் போகிறோம், நானூறு மீட்டர் ஓட்டத்தில் இன்றுவரை யாரும் முறியடிக்காத சாதனை உங்களுடையது, குடும்பத்தோடு வர வேண்டும் என்றார். மாலையில் பேசியவர் உடற்கல்வி இயக்குநர் மனோகரன். அதே விழாவுக்கு மைதானத்தில் ஓடுபாதைக் கோடு போட வேண்டும், என்றைக்கு வருவீர்கள் என்று கேட்டார். இரண்டு எழிலும் ஒருவரே என்பது அவர்கள் இருவருக்கும் தெரியவில்லை.

ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அவருடைய கணவர் தங்கவேல், ஷிஃப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் இதைக் கேட்டுச் சிரித்தார்.

"இன்னா எழிலு, கோடு போடறதும் நீ, சால்வை போத்திக்கிறதும் நீயா? அப்டியே போட்டோவும் நீயே புட்சிக்கினு வந்துரு."

எழிலுக்கு இப்போது நாற்பத்தொன்பது வயது. கள்ளிக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவர். 1996-இல், இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, கல்லூரி மைதானத்தில் நானூறு மீட்டரை 58.6 விநாடியில் ஓடினார். விளையாட்டு அறையில் ஒரு பச்சைப் பலகை இருக்கிறது. அதில் மஞ்சள் பெயின்டில் அன்று எழுதிய அவருடைய பெயரை யாரும் அழிக்க நேரவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்று இரண்டு முறை தேர்வுக்குப் போனார். முதல் முறை பட்டியலில் பெயர் இல்லை. இரண்டாம் முறை ஓடும்போது தொடைத் தசை பிடித்துக்கொண்டது. பிறகு திருமுல்லைவாயிலில் ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை ஆனார். அங்கே ஒரு விளையாட்டு விழாவுக்கு முந்தைய நாள் கோடு போடுகிறவர் வரவில்லை. எழில் ஒரு மூட்டை சுண்ணாம்புத் தூளையும் நான்கு அங்குல ஆணிகளையும் வாங்கி வந்து, காலையில் தொடங்கிச் சாயங்காலத்துக்குள் ஆறு லேன் போட்டு முடித்தார். பார்த்த வேறு இரண்டு பள்ளிக்காரர்கள் அவரைக் கூப்பிட்டார்கள். மூன்றாம் வருடம் ஆசிரியை வேலையை விட்டுவிட்டார். இன்று அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அவர் கோடு போடாத மைதானத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஸ்கூட்டரின் முன்னால் சுண்ணாம்பு மூட்டை, பின்னால் ஸ்டீல் டேப், கம்பிச் சுருள். 'டிராக் எழில்' என்றுதான் எல்லோருடைய போனிலும் அவர் பெயர் இருக்கிறது.

ஆனாலும், எந்த வேலை எவ்வளவு நன்றாகப் போனாலும், தனக்கென்று இருப்பது அந்தப் பலகையில் உள்ள ஒரு வரி என்றே அவர் நினைத்திருந்தார். தேர்வாகாத வருடங்களில் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டுதான் பஸ் ஏறுவாராம். இதைச் சொல்லும்போது அவர் கொஞ்சமும் சிரிப்பதில்லை.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு எழில் கல்லூரி மைதானத்துக்குப் போனார். அங்கே அவர் கோடு போடுவது அதுவே முதல் முறை. அதுவரை போட்டுவந்த மைதானப் பணியாளர் அந்த வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தார். ஓடுபாதையின் உள்விளிம்பில் பாதி புதைந்த செங்கல் வரிசை ஒன்று உண்டு. வருடா வருடம் அதை ஒட்டியே சுண்ணாம்பு போடுவது வழக்கம். எழில் அப்படிப் போடுகிறவர் இல்லை. வளைவின் மையத்தில் இருந்த இரும்பு முளையைத் தேடிக் கண்டுபிடித்து, அதில் டேப்பை மாட்டி, நானூறு மீட்டர் பாதையின் வளைவுக்குரிய முப்பத்தாறரை மீட்டருக்கு இழுத்தார். டேப் செங்கலைத் தாண்டி வெளியே போனது.

மறுபடி இழுத்தார். எதிர் வளைவுக்கும் போய் அளந்தார். இரண்டிலும் செங்கல் அறுபத்து நாலு சென்டிமீட்டர் உள்ளே தள்ளியே இருந்தது. இரண்டு வளைவும் சேர்ந்தால் ஒரு முழு வட்டம். சுற்றில் நாலு மீட்டர் குறைகிறது.

அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் செங்கல் பதித்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. 1995 நவம்பர், முந்தைய நாள் மழை. நூல் கயிற்றால்தான் அளந்தார்கள். மையத்தில் கயிற்றைப் பிடித்து நின்ற மாணவி எழில்தான். நூல் கயிறு நனைந்தால் சுருங்கும் என்பது இன்று அவருக்கு மனப்பாடம். அதனால்தான் டேப்பையும் கம்பியையும் தவிர எதையும் தொடுவதில்லை. அன்று அது தெரியாது. நாலு மாதம் கழித்து அந்தப் பாதையில்தான் அவர் 58.6 விநாடியில் ஓடினார்.

செங்கலை ஒட்டிக் கோடு போட்டால் யாருக்கும் தெரியாது. சரியாகப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால், இந்த வருடம் ஓடும் பெண் நாலு மீட்டர் அதிகமாக ஓடி அவருடைய நேரத்தை முறியடிக்க வேண்டும். சரியாகப் போட்டு உண்மையையும் சொன்னால் பலகையில் பெயர் இருக்காது.

அரை மணி நேரம் கழித்து மனோகரனைத் தேடிப் போய்ச் சொன்னார். பாராட்டு விழா எழிலும் இவர்தான் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

"மேடம், இது காலேஜ் ரெக்கார்டு. ஒலிம்பிக்ஸ் இல்ல. இருபத்தொம்பது வருஷமா எல்லாரும் அந்தச் செங்கல்லதான் ஓடறாங்க. அப்டியே உட்ருங்க."

"அவங்க ஓடினது சரி சார். இந்த வருஷம் கோடு போடறது நானு."

"நோட்டீஸ் எல்லாம் அடிச்சாச்சே."

"அடிச்சது இருக்கட்டும். கோடு தப்பா இருக்கக் கூடாது."

மனோகரன் தலையில் கை வைத்துக்கொண்டார். "உங்க ரெக்கார்டை நீங்களே அழிக்கறதுக்கு எங்ககிட்டயே கூலி வாங்கறீங்க மேடம்!"

"அதுக்குத்தானே கூப்ட்டீங்க" என்று சொல்லிவிட்டு எழில் ஆணி அடிக்கப் போனார். அன்று எட்டு லேனும் போட்டு முடித்துத்தான் கிளம்பினார்.

வீட்டில் தங்கவேல் முழுக் கதையையும் கேட்டார். வழக்கமான கிண்டல் வரவில்லை.

"அப்போ நீ ஓடினது இன்னா கணக்கு?"

"முன்னூத்தித் தொண்ணூத்தாறு மீட்டர் கணக்கு."

"அதையும் வேற யாரும் உன் டைமுக்குள்ள ஓடலல்ல?"

எழில் டேப்பைத் துடைத்துச் சுருட்டி வைத்தார். ஆனால் அந்தக் கேள்வி அவர் மனதில் தங்கிவிட்டது.

விழா நாளில் மேடையில் மூன்று பேரை உட்கார வைத்திருந்தார்கள். நீளம் தாண்டியவர் ஏகாம்பரம், இப்போது வங்கி மேலாளர். ஈட்டி எறிந்தவர் சாவித்திரி, இப்போது போலீஸ் இன்ஸ்பெக்டர். மூன்றாவது எழில். தொகுத்து வழங்கிய மாணவி கிருஷ்ணப்பிரியா ஒவ்வொருவரைப் பற்றியும் கையிலிருந்த தாளைப் பார்த்து வாசித்தாள். கல்லூரி அனுப்பியிருந்த விவரப் படிவத்தில் 'தற்போதைய பணி' என்ற இடத்தை எழில் காலியாக விட்டிருந்தார். அலுவலகத்தில் யாரோ அதை நிரப்பியிருந்தார்கள்.

"நானூறு மீட்டரில் இருபத்தொன்பது ஆண்டுகளாக முறியடிக்கப்படாத சாதனை படைத்த திருமதி எழில், தற்போது இல்லத்தரசியாக இருக்கிறார்."

முதல்வர் சால்வை போர்த்தினார். எழில் இறங்கிப் போகாமல் மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"ரெண்டு திருத்தம் இருக்கு. வெளியில நீங்க பாக்கறீங்களே, அந்தக் கோடு நான் போட்டது. இருபது வருஷத்துக்கு மேல அதான் என் வேலை. இன்னொண்ணு, நான் ஓடினது நானூறு மீட்டர் இல்ல. பழைய டிராக் நாலு மீட்டர் கொறைச்சல். அன்னிக்குக் கயிறு புடிச்சதும் நான்தான், அதனால வேற யாரையும் திட்டாதீங்க. என் பேரைப் பலகையிலேர்ந்து எடுத்துடுங்க. இன்னிக்கு யார் ஜெயிக்கிறாங்களோ அவங்க பேரை எழுதுங்க."

பின்வரிசை மாணவர்கள் முதலில் கை தட்டினார்கள், பிறகு எல்லோரும். எழில் நாற்காலிக்குத் திரும்பியதும் சாவித்திரி காதோடு சொன்னார்.

"ஏண்டி, நீ அந்த டேப்பை எடுத்துக்கினு என் ஈட்டிப் பக்கம் வந்துராத."

பெண்கள் நானூறு மீட்டர் மாலை நான்கு மணிக்கு. எழில் மேடையிலிருந்து இறங்கி வந்து, முடிவுக் கோட்டுக்கு நாலு மீட்டர் முன்னால், பாதையின் ஓரத்தில் கைவிரலால் ஒரு சுண்ணாம்புப் பொட்டு வைத்தார். 1996-இல் அவருடைய ஓட்டம் முடிந்த தூரம் அது. தன்னுடைய ஸ்டாப் வாட்சைத் தங்கவேலிடம் கொடுத்து அங்கே நிறுத்தினார்.

"துப்பாக்கியில பொக வந்ததும் அமுக்குங்க. சத்தத்துக்குக் காத்திருக்காதீங்க. முதல் பொண்ணு இந்தப் பொட்டைத் தாண்டும்போது நிறுத்துங்க."

"ஃபேக்டரியில மெஷினையே நிறுத்தறேன், இது ஆவாதா?"

வெள்ளானூரிலிருந்து வரும் ரேஷ்மா என்ற வணிகவியல் மாணவி முதலில் வந்தாள். கடைசி வளைவில் அவளுக்குப் பக்கத்தில் யாருமே இல்லை. நடுவர்களின் கடிகாரம் 59.4 காட்டியது. அளந்து உறுதி செய்த நானூறு மீட்டரில் கல்லூரியின் முதல் சாதனை என்று மனோகரன் மைக்கில் அறிவித்தார். ரேஷ்மாவின் தோழிகள் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எழிலும் எழுந்து நின்று கை தட்டினார்.

அப்போது தங்கவேல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். உள்ளங்கையில் வாட்சை மூடி வைத்திருந்தார்.

"இன்னா வந்துது?" என்றார் எழில்.

கையைத் திறந்து காட்டினார். 58.8.

"உன்னுது அம்பத்தெட்டு ஆறு. அந்த நாலு மீட்டர் கொறைச்சல்ல இன்னும் நீதான் எழிலு."

எழில் வாட்சை வாங்கி இன்னொரு முறை பார்த்தார். பிறகு பொத்தானை அமுக்கிப் பூஜ்யமாக்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"இதை யாராண்டயும் சொல்லாதீங்க. அந்தப் பொண்ணு பேரு பலகையில ஏறட்டும்."

"சொல்ல மாட்டேன்."

மறுநாள் திங்கட்கிழமை. பூந்தமல்லிப் பள்ளி ஒன்றில் எழில் ஆணி அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஆவடியில் முதல் ஷிஃப்ட் டீ இடைவேளை முடிவதற்குள், தங்கவேலின் செக்‌ஷனில் எல்லோருக்கும் அந்த எண் தெரிந்திருந்தது.