இருபத்திரண்டு டிகிரி

மூட்டுவாதத்தால் எழ இயலாத என் மனைவி பெருமாள்மலைக் குளிரில் வாடலாகாதென்று, அறை குளிர்ந்தால் ஹீட்டரைத் தானே இயக்கும் ஸ்மார்ட் பிளக் ஒன்றை வாங்கினேன். வெப்பத்தை அளந்து போனில் காட்டும் அதன் சென்சாரை மாதா படத்தின் ஆணியில் தொங்கவிட்டு, அன்றிரவு அவள் நலத்துக்காக அதன்கீழ் விடியவிடிய எரியும் பெரிய மெழுகுவர்த்தியும் ஏற்றி நெடுநேரம் மன்றாடினேன்.

“குளுருதுங்க” என்றாள்.

“போன்ல இருபத்திரெண்டு டிகிரி காட்டுது. மெஷினைவிட ஒனக்குத் தெரியுமாக்கும்!” என்று நகைத்தேன்.

மறுநாள் காலை அவள் கை சில்லிட்டிருந்தது, ஹீட்டரும் அப்படியே. மெழுகுவர்த்தியின் சூட்டையே சென்சார் அறையின் வெப்பமாகக் கொண்டிருந்தது.

சென்சாரை இடம் மாற்றிவிட்டேன். அன்று பிடித்த நெஞ்சுச்சளி இன்னும் அவளை விடவில்லை. குளிருகிறதா என்று கேட்டால், “போன்ல பாத்துக்கங்க” என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

மாதாவிடம் அவ்வளவு நேரம் மன்றாடிய நான், நான்கடி நடந்து அவள் கையைத் தொட்டுப் பார்த்திருக்கலாம்.