உம்கொட்டியும் எக்ஸ்ரேயும்

கடையில் அவளுக்கு எக்ஸ்ரே என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அந்த மூன்று மாடிக் கடையில் அவள் காதுக்குத் தப்பி எதுவும் நடக்காது என்பதால் அவளுக்கும் அது தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

வெளியே போகும் வாசலில் நின்று, பில்லையும் பையையும் ஒத்துப் பார்த்து, பில்லில் ஓட்டை போட்டு அனுப்புவது அவள் வேலை. பையை அவள் அப்புறம்தான் பார்ப்பாள். முதலில் கழுத்தைப் பார்ப்பாள். தப்புச் செய்தவர்கள் கழுத்தை அளவுக்கு மீறி நேராக வைத்துக்கொள்வார்கள் என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. குழந்தையின் தள்ளுவண்டியில், மெத்தைக்கு அடியில் இருந்த முகப்பூச்சு டப்பாக்களை அப்படித்தான் பிடித்தாள். சும்மா கழுத்துச் சுளுக்கோடு வந்த ஒரு பெரியவரையும் அப்படித்தான் நிறுத்திப் பையைக் கொட்டவைத்தாள். அந்தக் கதையை மட்டும் அவள் யாரிடமும் சொல்வதில்லை.

வேலைக் குணம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பஸ் ஓட்டும் கணவர் வீட்டுக்குள் நுழையும்போதே சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டுவார். "ஒன்னும் கடத்தலைங்க, உள்ள வரலாமா?" என்பார். கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கும் மகளுக்கு அந்த வேடிக்கை பிடிக்காது. "உன்கிட்ட போன்ல பேசுறது ஸ்டேஷன்ல வாக்குமூலம் குடுக்குற மாதிரி இருக்கும்மா" என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் மகள் பேசுவதெல்லாம் சாப்பாடு, தூக்கம், வானிலை, அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவளுக்கு முழங்கால் போய்விட்டது. பொழுதெல்லாம் நின்று நின்று, மாலையில் படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பாள். அந்தச் சமயம் பார்த்துப் புகார் கவுண்டரில் இருந்த பெண் வேலையை விட்டுப் போனாள். அங்கே நாற்காலி உண்டு. சாயும் முதுகு, கை வைக்கும் கட்டை, உருளும் சக்கரம் எல்லாம் உள்ள நாற்காலி. எக்ஸ்ரே அதைக் கேட்டு மேனேஜரிடம் போனாள்.

"குடுக்கலாம்" என்றார் மேனேஜர். "ஆனா அங்க உக்காந்தா மத்தவங்க பேசுறதைக் கேக்கணும். நீங்க கேள்வி கேக்குற ஆளு. நிர்வாகம் ஆன்லைன்ல ஒரு வகுப்பு நடத்துது. மனம் திறந்து பேசுறது, காது குடுத்துக் கேக்குறது, இதெல்லாம் சொல்லித் தர்றாங்க. அதுல பாஸ் பண்ணிட்டு வாங்க, நாற்காலி உங்களுக்குத்தான்."

காது கொடுப்பதை எனக்கு ஒருத்தர் சொல்லித் தரணுமா என்று அவள் மனசுக்குள் சிரித்துக்கொண்டாள்.

வகுப்பு மாலை நேரத்தில், போனில். பல ஊர், பல வேலை ஆட்கள் சின்னச் சின்னக் கட்டங்களில் தெரிந்தார்கள். டீச்சர் அவர்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிட்டார். ஒருவர் தன்னைப் பற்றிப் பேச வேண்டும். மற்றவர் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். 'ம்' மட்டும் கொட்டலாம். கடைசி வகுப்பில் எல்லார் முன்னாலும் ஜோடியின் கதையைச் சொல்ல வேண்டும். "ஆமா, இது என் கதைதான்" என்று அந்த ஜோடி ஒத்துக்கொண்டால் சொன்னவர் பாஸ். இல்லையென்றால் இல்லை.

எக்ஸ்ரேக்கு வாய்த்த ஜோடிக்கு முகமே கிடையாது. கறுப்புக் கட்டம். உள்ளே இருந்து இளம்பெண் குரல் ஒன்று, "கேமரா போட வசதியில்லை அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றது.

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பதற்கு எக்ஸ்ரே என்ன புதிதாகவா பிறந்து வந்திருக்கிறாள்? முகத்தை மறைக்கிற ஆளிடம் யாராவது வீட்டுச் சமாச்சாரம் பேசுவார்களா? நிர்வாகமே ஆள் வைத்து வாயைப் பிடுங்கிப் பார்க்கிறதோ என்றுகூடத் தோன்றியது. எனவே தான் ஒரு தையல்காரி என்றாள். வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைப்பதாகவும், தனியாக இருப்பதாகவும் அளந்துவிட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து 'ம்' வந்தது. எல்லாம் ஒரே நீளத்தில், ஒரே சுருதியில். அன்றே அவளுக்கு உம்கொட்டி என்று பெயர் வைத்துவிட்டாள்.

"அது மெஷினா இருக்கும்" என்றார் கணவர். "பொத்தானை அமுக்கிட்டு அந்தம்மா பாத்திரம் கழுவப் போயிருக்கும்."

அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். எக்ஸ்ரே அதைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த முறை பேச்சுவாக்கில் நூல் விட்டுப் பார்த்தாள். "நேத்து ஒரு யானைக்குச் சட்டை தைச்சேன். மெஷின் மிதிச்சு மிதிச்சுக் கால் ரெண்டும் விட்டுப்போச்சு."

'ம்' என்றது கட்டம். எக்ஸ்ரே ஜெயித்த சந்தோஷத்தில் கணவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

பேச வேண்டிய நேரம் முடிந்ததும் உம்கொட்டி கேட்டாள்: "யானைக்குக் கை வச்ச சட்டையா அக்கா, கால் வச்ச சட்டையா?"

கணவர் வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினார். எக்ஸ்ரேக்குச் சிரிப்பு வரவில்லை. சரி, மெஷின் இல்லை. கெட்டிக்காரி. கெட்டிக்காரர்கள்தான் சாமானை மெத்தைக்கு அடியில் வைப்பார்கள்.

உம்கொட்டி பேசும்போது எக்ஸ்ரே கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். வகுப்பிலேயே அவளைப் போலக் கவனமாகக் கேட்டவர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. முதல் முறை பேசியபோது அந்தக் குரல் எதிரொலித்தது. மாடிப்படியில் நின்று பேசுகிறாள். குரலும் தாழ்ந்திருந்தது. "வீட்டுக்காரர் வேலை செஞ்ச கம்பெனியை மூடிட்டாங்க அக்கா. அதான் ஆஸ்பத்திரியில வரவேற்பு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன். அதுக்கு இந்த வகுப்பு வேணுமாம்." அப்போது எங்கேயோ கதவு திறந்தது. பேச்சு சட்டென்று மழைக்கு மாறிவிட்டது.

அடுத்த முறை எதிரொலி இல்லை. அறைக்குள் இருக்கிறாள். குரல் பெரிதாகவும் கலகலப்பாகவும் வந்தது. "வீட்டுக்காரர் காலையிலயே வேலைக்குக் கிளம்பிடுவார் அக்கா. நல்ல கம்பெனி. சம்பளமெல்லாம் சரியா வந்துடும்." பக்கத்தில் யாரோ இருமினார்கள்.

எக்ஸ்ரே கண்ணைத் திறந்தாள். மூடிய கம்பெனிக்கு ஒருவன் காலையில் எப்படி வேலைக்குப் போவான்? இருமுவது யார்? என்ன பேச வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறார்களா? அன்றிலிருந்து உம்கொட்டி சொன்னதில் வேறு எதுவும் அவள் மனசில் தங்கவில்லை. எந்தப் பூவைப் பிடிக்கும், எதற்குப் பயம், சின்ன வயதில் என்னவாக ஆசைப்பட்டாள், எல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டாகிவிட்டது. யார் காதில் பூச்சுற்றுகிறாய் என்ற ஒரே எண்ணம்தான் மிஞ்சியது.

கடைசி வகுப்பு வந்தது. முதலில் உம்கொட்டி சொல்ல வேண்டும். எக்ஸ்ரே கணக்குப் போட்டுப் பார்த்தாள். தான் அவிழ்த்துவிட்ட புளுகையெல்லாம் அந்தக் கெட்டிக்காரி வரிசையாகப் போட்டுக் காட்டினால், யானைச் சட்டை வரைக்கும் எல்லார் முன்னாலும் சந்தி சிரித்துவிடும்.

"இந்த அக்கா கால் நோக வேலை செய்றவங்க" என்றாள் உம்கொட்டி. "எதைப் பத்திப் பேசினாலும் அந்தக் கால் வலி நடுவுல வந்துடும். அதைச் சொல்றப்ப மட்டும் குரல் மாறிடும். பாக்கியெல்லாம் சொல்ல அவங்களுக்கு இன்னும் மனசு வரலை. முகம் தெரியாத ஆள்கிட்ட எப்படி வரும்? வர்றப்ப சொல்லட்டும். நான் கேட்டது இவ்வளவுதான்."

"இது உங்க கதைதானாம்மா?" என்று டீச்சர் கேட்டார்.

"ஆமாங்க" என்றாள் எக்ஸ்ரே. எல்லாம் தெரிந்திருந்தும் ஒன்றையும் வெளியே போடாமல் விட்டிருக்கிறாளே என்று அவமானமாக இருந்தது. உம்கொட்டி பாஸ் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

"இப்ப நீங்க சொல்லுங்க."

எக்ஸ்ரே வாயைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணுக்கு என்ன பிடிக்கும், எதற்குப் பயம்? துழாவித் துழாவிப் பார்த்தாள். அத்தனை கட்டங்களும் அவளையே பார்த்தன. முழங்கால் விண்ணென்று தெறித்தது. நாற்காலி கை நழுவிப் போகிற பயத்தில் பழகிய கை பழகிய வேலையைத்தான் செய்தது.

"நான் நல்லாக் கவனிச்சேங்க" என்று ஆரம்பித்தாள். "முதல்ல அவங்க வீட்டுக்காரர் கம்பெனியை மூடிட்டாங்கன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் வேலைக்குப் போறார், சம்பளம் வருதுன்னாங்க. மூடின கம்பெனியில எப்படிச் சம்பளம் வரும்? ரெண்டுல ஒன்னு..."

கறுப்புக் கட்டத்திலிருந்து இருமல் வந்தது. பிறகு வயதான பெண்குரல் ஒன்று, போனுக்கு மிகப் பக்கத்தில்: "என்னம்மா சொல்றாங்க? எந்தக் கம்பெனியை மூடிட்டாங்க? அவன் தினமும் எங்க போறான் அப்ப?"

எக்ஸ்ரேக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. மாடிப்படி, தாழ்ந்த குரல், அறைக்குள் வந்ததும் ஏறிய குரல். நோயாளி மாமியார் படுத்திருக்கும் அறை. மகனுக்கு வேலை போனது அந்த அம்மாவுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்று அந்தப் பெண் ஒண்டியாகப் பொத்திப் பொத்தி வைத்ததைத் தான் கொட்டிக் கவிழ்த்துவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது.

"ஒன்னுமில்லை அத்தை" என்றது உம்கொட்டியின் குரல். "அவங்க தப்பாக் கேட்டுட்டாங்க. நான் வேற யாரோட கதையையோ சொன்னேன்."

"அப்ப இது உங்க கதை இல்லையாம்மா?" என்றார் டீச்சர்.

"இல்லைங்க."

டீச்சர் எக்ஸ்ரே பக்கம் திரும்பினார். "அவங்க மறுக்கிறாங்க. நீங்க ரொம்பத் தெளிவா சொன்னீங்க. உங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கா? உறுதின்னா சொல்லுங்க, நான் இன்னொரு தடவை விசாரிக்கிறேன்."

உறுதியா? அந்தப் பேச்சை மூச்சு விட்ட இடம் முதற்கொண்டு அவளால் அப்படியே ஒப்பிக்க முடியும். வாசலில் நின்ற இத்தனை காலத்தில் தன் கண்ணும் காதும் தப்பு என்று அவள் ஒருத்தரிடமும் ஒத்துக்கொண்டதில்லை. அந்தக் கழுத்துச் சுளுக்குப் பெரியவரிடம்கூட ஒத்துக்கொள்ளவில்லை. பையைத் திருப்பிக் கொடுத்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

கட்டத்துக்குள் அந்த வயதான குரல் மூச்சு வாங்கிக்கொண்டே இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. "யாரு அந்தம்மா? எதுக்கு இப்படிச் சொல்றாங்க?"

எக்ஸ்ரே போனை வாய்க்கு அருகில் கொண்டுபோனாள். அங்கே படுத்திருப்பவருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

"மன்னிச்சுக்குங்க. எனக்குக் காது கொஞ்சம் மந்தம். யாரோ சொன்னதை இவங்க சொன்னதா நினைச்சுட்டேன். இவங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போறார்னுதான் சொன்னாங்க. நல்ல கம்பெனின்னு சொன்னாங்க."

"அதானே" என்றது வயதான குரல். "காது கேக்காதவங்களை எல்லாம் எதுக்கும்மா வகுப்புல சேக்குறாங்க?"

அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்த கணவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவள் குடிக்கவில்லை. போன் அணைந்த பிறகும் அதையே பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

டீச்சரின் அறிக்கை மேனேஜரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் வாசலுக்கே வந்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கொஞ்சம் சத்தமாகவே பேசினார்.

"ஏம்மா, உங்களுக்குக் காது சரியாக் கேக்காதுன்னு எழுதியிருக்காங்களே, இத்தனை நாள் சொல்லவே இல்லையே. புகார் சொல்ல வர்றவங்களைக் காது கேக்காதவங்க முன்னாடி எப்படி உக்கார வைக்கிறது?"

"வைக்க முடியாதுங்க" என்றாள் எக்ஸ்ரே.

காலை மாற்றி ஊன்றி நின்றுகொண்டு, அடுத்து வந்தவரின் பில்லை வாங்கினாள்.