பற்கள் வைத்த பெடல்

ஒன்பதாம் வகுப்பில் சேர மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இன்னும் இரண்டு தாள்களில் யார் யாருடைய கையெழுத்தோ தேவைப்பட்டன. ஒரு வாரம் அலைந்து அப்பா எல்லாவற்றையும் வாங்கிவிட்டார். அம்மாவின் சம்மதத்துக்கு மட்டும் எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. பின்னாளில் எத்தனையோ படிவங்களைப் பார்த்துவிட்டேன். முக்கியமானவற்றுக்கு எப்போதும் கட்டம் இருப்பதில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மரக்காணத்து உப்பளத்தின் ஓரத்தில் எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் அளத்தில் கூலி வேலை. உயர்நிலைப் பள்ளி ஆறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. எட்டாவது முடித்த பெண் உப்பு வாரப் பலகை பிடிப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கும் ஒரு பலகை தயாராகச் சுவரில் சாய்ந்திருந்தது. அப்பா விடாமல் கேட்டதால் அம்மா ஒரு நிபந்தனை வைத்தாள்.

“போ. ஆனா ஒரு நாள் கால் வலிக்குது, கை வலிக்குதுன்னு வந்து நின்ன, மறுநாளே பாத்தியில எறங்கிடணும், தெரியுதாடி?”

மாற்றலாகிப் போன கன்னியாஸ்திரி ஒருவர் தன் லேடீஸ் சைக்கிளை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். உப்புக் காற்று அதன் பெடல்கள் இரண்டையும் தின்றுவிட்டு வெறும் தண்டுகளை மட்டும் விட்டுவைத்திருந்தது. பள்ளி திறந்து நான்கு நாள் ஆகிவிட்டது. என்னால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் சைக்கிளுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். தண்டை மிதித்தே போய்விடுகிறேன் என்றேன். அப்பா கேட்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூனிமேட்டு சைக்கிள் கடைக்குக் கிளம்பினார். வழியெல்லாம் நான் முன்னால் ஓடி ஓடி நின்று அவரைப் பார்த்தேன்.

கடைக்கார பாய் இரண்டு ஜோடியை எடுத்துப் போட்டார். ஒன்று ரப்பர் கட்டை வைத்தது. மற்றது வெறும் இரும்பு, விளிம்பு முழுவதும் ரம்பம் மாதிரிப் பல்.

“ரப்பர் எடுத்துக்கப்பா. பொண்ணுதானே மிதிக்கப்போவுது?”

“ஈரக் காலுக்கு ரப்பர் வழுக்கும் பாய். இரும்புதான் கெட்டியா புடிக்கும்.”

“பள்ளிக்கூடத்துல ஏதுய்யா ஈரம்? அங்க என்ன உப்பா வார்றாங்க?”

அப்பா சிரித்தார். பிறகு பல் வைத்த பெடல்களைத் தரையில் வைத்து, இரண்டின் மேலும் வெறுங்காலோடு ஏறி நின்றார். “சும்மா ஜம்முனு இருக்குது.”

“ஒனக்கு இருக்கும்பா,” என்றார் பாய். என்னைப் பார்த்து, “நீ சொல்லும்மா, எது வேணும்?” என்று கேட்டார்.

மணி பத்தைத் தாண்டியிருந்தது. எதுவாக இருந்தாலும் சீக்கிரம் மாட்டினால் போதும். “இரும்பு,” என்றேன்.

எங்கள் வீட்டில் யாருக்கும் செருப்பு கிடையாது. உப்புத் தண்ணீரில் அது ஒரு மாதம்கூடத் தாங்காது என்பதால் வாங்கும் பழக்கமே வரவில்லை. கடல் காற்றை எதிர்த்து ஆறு கிலோமீட்டர் மிதித்ததில், முதல் நாளே பற்கள் என் பாதத்தில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டன. இரண்டாம் நாள் தோல் கிழிந்தது. மூன்றாம் நாள் பாவாடை ஓரத்தைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு போனேன். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. குதிகாலால் நடந்தேன். அதை அம்மா பார்க்காத நேரமாகப் பார்த்து நடந்தேன்.

நான்காம் நாள் மாலை, சாணி மெழுகிய தரையில் என் காலடி சிவப்பாகப் பதிந்திருந்தது.

“இதைத்தான் சொன்னேன்,” என்றாள் அம்மா. சுவரில் இருந்த பலகையை எடுத்து என் முன்னால் வைத்தாள். “நாளைக்கு என்கூட வா.”

நான் அழுதேன், கத்தினேன், சாப்பிட மாட்டேன் என்றேன். அப்பா வாசலில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார்.

“எங்க பாப்பா குத்துது?”

காட்டினேன். அவர் தன் பாதத்தை அந்தப் பல்லின் மேல் வைத்து அழுத்தினார்.

“இங்கயா?”

“ஆமா.”

இன்னும் அழுத்தினார். முழங்காலில் இரு கையையும் ஊன்றி, உடம்பு முழுவதையும் அதன் மேல் சாய்த்தார். “குத்தலியே பாப்பா.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. “நான் என்ன பொய்யா சொல்றேன்?”

“இல்ல, இல்ல,” என்றவர் காலை நகர்த்தி வேறொரு பல்லில் வைத்தார். பிறகு இன்னொன்றில்.

“ஏங்க,” என்றாள் அம்மா. “காலைப் பாருங்க.”

அவர் பாதத்திலிருந்து ரத்தம் மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா குனிந்து, யாருடையதோ போல அதைப் பார்த்தார். “எப்ப ஆச்சு?” என்று கேட்டார்.

அம்மா மெல்ல உட்கார்ந்தாள். வருஷக்கணக்காக உப்பில் நின்று தடித்துப்போன தன் பாதத்தை மடியில் தூக்கி வைத்து, அதன் அடியில் நகத்தால் கீறிப் பார்த்தாள். மறுபடியும் கீறினாள். பிறகு எழுந்து பலகையை வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தாள்.

“காலைல அப்பா ரப்பர் மாத்திக் குடுப்பாரு,” என்றாள் என்னைப் பார்க்காமல். “நீ பள்ளிக்கூடம் போ.”

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சாப்பிட மாட்டேன் என்று சொன்னது நல்ல வேலை செய்கிறதே என்று, அதை அடுத்த முறைக்கும் ஞாபகம் வைத்துக்கொண்டேன்.