வாழைக்குலை வியாபாரி நடத்திய குத்துச்சண்டை

மார்த்தாண்டம் சந்தைக்கு எதிரேயுள்ள டீக்கடையில், பலர் பார்க்க ஒரு மனிதரை நான் அவமானப்படுத்தினேன். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற வாய் என்னுடையது.

அவர் வாழைக்குலை வியாபாரி. என் தோளுக்குக்கூட எட்டாத உயரம், தடித்த கழுத்து. சந்தை முடிந்ததும் டீக்கடையில் குத்துச்சண்டை நடத்துவார். என்றோ செத்துப்போன குள்ளமான சாம்பியனும் இன்றைய ராட்சத சாம்பியனும் அவர் வாயில் மோதுவார்கள். குனிந்து விலகி, கைவீசி, ரவுண்டு ரவுண்டாக நடித்துக் காட்டுவார். எப்போதும் குள்ளன்தான் ஜெயிப்பான். கடையே கைதட்டும்.

ஒருநாள், “குள்ளனுக்குக் குள்ளன் மேலதான் பாசம்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் பாதி டீயோடு எழுந்து போனார். அதன்பிறகு வந்தாலும் சண்டை நடத்தவில்லை.

மனம் உறுத்தியது. ஒரு மாலை, எல்லோர் முன்னாலும், “அன்னைக்கு நான் சொன்னது தப்பு, மன்னிக்கணும். இன்னைக்கு ஒரு சண்டை வையுங்க. நான் குள்ளன் பக்கம்” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து கைகளை உயர்த்தினார். இரண்டாம் ரவுண்டிலேயே குள்ளனைத் தரையில் சாய்த்துவிட்டார்.

“என்ன மக்கா, உனக்க ஆளு தோத்துட்டானே?” என்றார் டீக்கடைக்காரர்.

“சாரு எரக்கப்பட்டுல்லா அவன் பக்கம் நின்னாரு. பின்ன அவனுக்குக் கை ஓடுமா?” என்றவர் என்னிடம் திரும்பினார். “நாளைக்கு வாங்க சாரே. பெரியவன் பக்கம் நில்லுங்க. குள்ளன் உங்களுக்க ஆள அடிச்சுச் சாய்ப்பான்.”

மறுநாள் போனேன். பெரியவனுக்காக மனதார வாதாடினேன். ஏழாம் ரவுண்டு வரை தாக்குப்பிடித்தேன்.