ஹாட்பேக்கில் வைத்த கோழி

என் வீட்டுக்காரர் மூன்று வருஷம் கழித்து துபாயிலிருந்து இரண்டு மாத லீவில் வந்திருந்தார். லப்பைக்குடிகாட்டில் எங்கள் தெருவில் பாதி ஆண்கள் அப்படித்தான், விருந்தாளி மாதிரி வந்துபோவார்கள். வந்த வாரமே, அங்கே தின்ற பொரித்த கோழியைப் பற்றி ஆரம்பித்தார்.

"கடிச்சா அடுத்த ரூமுக்குச் சத்தம் கேக்கும். அது மட்டும் உனக்குக் கைவந்துட்டா, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல ஒரு கடையப் போட்டுட்டு இங்கயே இருந்துடுவேன்."

சும்மா சொன்னாரோ என்னவோ, நான் நம்பினேன். முதல் தடவை மாவு எண்ணெயிலேயே கழன்றுகொண்டது. மஞ்சள் போட்டு அலசிய ஈரத்தோடு கோழியை மாவில் புரட்டியதுதான் தப்பு. அடுத்த இரண்டு தடவையும் தெருப் பூனைக்குத்தான் விருந்து. பிறகு துணியால் ஒற்றி, மோரில் ஊறவைத்து, மைதாவோடு அரிசி மாவும் கலந்து இருமுறை புரட்டினேன். நாலாவது தடவை, ஒரு வெள்ளிக்கிழமை, சரியாக வந்தது. வாணலியிலிருந்து எடுத்த முதல் துண்டை மகள் கடித்தாள். சத்தம் எனக்கே கேட்டது.

"அம்மா, அத்தா இனிமே போக மாட்டாங்கல்ல?" என்றாள்.

ஜும்மா தொழுகை முடிந்து தெருவில் எல்லா ஆண்களும் வந்துவிட்டார்கள். இவரைக் காணோம். கோழி ஆறிவிடுமே என்று, போன லீவில் அவர் கொண்டுவந்த ஹாட்பேக்கில் போட்டு இறுக்கி மூடினேன். இடியாப்பம், சோறு, குழம்பு எல்லாம் அதில்தான் வைப்போம். புத்தி வேறெங்கே போகும்?

நாலு மணிக்கு வந்தார். மூடியைத் திறந்ததும் தண்ணீர் சொட்டியது. மேல்மாவு, டீயில் முக்கிய பன் போல விரலோடு வந்தது.

"மொறுமொறுப்பே இல்லையே. இத வச்சு எங்க கடை போடறது?" என்றார். குரலில் கோபமில்லை.

"இவ்ளோ நேரம் எங்க போனீங்க?"

"பெரம்பலூருக்கு. ரிட்டர்ன் டிக்கெட்ட கன்ஃபார்ம் பண்ணிட்டு வந்தேன்."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரமும் வரவில்லை. மனசு மரத்துக் கிடந்தது. ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன். தலையாட்டினார்.

மகள்தான் விடவில்லை. "சூடா இருக்கையில மொறுமொறுன்னுதான் இருந்துச்சு அத்தா. சத்தம்கூட கேட்டுச்சு."

அவர் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.